‘சத்தம்’ என்று தலைப்பு வந்த வாரம்

“யாராவது தலைப்பு கொடுத்தால்தான் உங்களுக்கு எழுத வருமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. நன்றாக வாசிக்கிறவர், என் மேல் அக்கறை உள்ளவர். வாராவாரம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் படம் எடுப்பதையும் குட்டிக்கதை எழுதுவதையும் பார்த்து, உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். சொல்வதற்கு ஒன்று இருந்தால் அது தானாக முட்டிக்கொண்டு வராதா, பிறர் தூக்கிப் போட்ட சொல்லுக்குப் படம் வரைந்துகொண்டே இருந்தால் சொந்தமாக ஒன்றைச் சொல்லும் பழக்கமே விட்டுப்போகாதா என்பது அவர் கவலை. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. “யோசிக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். அப்புறம் எட்டு மாதம் அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். கேமராவை எடுக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது.

எங்கள் சவால் எளிமையானது. மொத்தம் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் முறைவைத்து ஒருவர் ஒரு சொல்லைத் தருவார். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு படமும் ஒரு கதையும் அனுப்ப வேண்டும். படம் அந்த வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கதை சரியாக 100 சொல். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பரிசு, மதிப்பெண் எதுவும் கிடையாது. எல்லாருடையதும் வந்து சேர்ந்த பிறகு அவரவருக்குத் தோன்றியதைச் சொல்வோம், அவ்வளவுதான். வருஷத்துக்கு 52 சொற்கள். இது எனக்கு இரண்டாவது வருஷம்.

முதல் சில மாதங்கள் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது ஒரு விஷயம்: ஏழு பேருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது. ‘நிழல்’ என்றால் சாயங்கால வெயிலில் நீண்டு விழும் மனித நிழல். ‘கதவு’ என்றால் பழைய மரக்கதவும் துருப்பிடித்த பூட்டும். ‘காத்திருப்பு’ என்றால் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் முதியவர். கதைகளிலும் அப்படித்தான். ‘கடிதம்’ வந்த வாரம் நான்கு கதைகளில் கடிதம் அனுப்பப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, என்னுடையது உட்பட. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதும் இல்லை. முதலில் தோன்றும் யோசனை அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் நம் பங்கு கொஞ்சமும் இருப்பதில்லை. இது புரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு தாளில் பத்து யோசனை எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதல் மூன்றை அப்படியே அடித்துவிடுவேன். நாலாவதும் ஐந்தாவதும் வரச் சிரமப்படும். எட்டாவதுக்கு வந்தால்தான் நான் இருந்த இடம், நான் பார்த்த பொருள் என்று ஏதாவது தட்டுப்படும்.

‘இந்த வாரம் எடுத்த படம்’ என்ற விதியை ஒரு தடவை மீறியிருக்கிறேன். தலைப்பு ‘மழை’. வாரம் முழுக்க ஒரு துளி இல்லை. போன வருஷம் எடுத்த படம் ஒன்று இருந்தது: ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீர், அதற்கு அப்பால் மங்கலாக ஒரு சிவப்புக் குடை. அதை அனுப்பினேன். அந்த மாதம் எல்லாருக்கும் பிடித்த படம் அதுதான். பாராட்டு வர வர எனக்கு உள்ளே என்னவோ செய்தது. இரண்டு வாரம் கழித்துக் குழுவில் உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரும் கோபப்படவில்லை. ஆனால் மற்றவர்கள் வறண்ட வானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருந்தார்கள் என்று அதற்கப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். ஒருவர் கொடிக்கயிற்றில் நாள் முழுக்கக் கிடந்து விறைத்துப்போன துணியை எடுத்திருந்தார். மழையை எதிர்பார்த்து எடுத்து வைக்கத் தேவையே இல்லாத துணி. என் படம் அதைவிட அழகு. ஆனால் அவர் அந்த வாரம் வானத்தைப் பார்த்திருக்கிறார், நான் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூறு சொல் கணக்கு

நூறு சொல் கதைக்கு ஆங்கிலத்தில் ‘டிராபிள்’ என்று தனிப்பெயரே உண்டு. அதே அளவைத் தமிழில் வைத்துக்கொண்டால் கணக்கு வேறாகிவிடுகிறது. ‘வந்துவிட்டிருப்பானோ’ என்பது நமக்கு ஒரே சொல். யார், எப்போது, எவ்வளவு உறுதியாக, அதில் எவ்வளவு சந்தேகம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்தாறு சொல் போய்விடும். அதனால் நமக்கு நூறு சொல் தாராளம் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் சண்டை வந்தது. ‘போய்க் கொண்டிருந்தாள்’ என்று பிரித்தால் இரண்டு, ‘போய்க்கொண்டிருந்தாள்’ என்று சேர்த்தால் ஒன்று. இடம் போதாத வாரம் சேர்ப்பது, மிஞ்சிய வாரம் பிரிப்பது என்று ஆளாளுக்கு வசதி பார்த்தோம். கடைசியில் துணைவினையை எப்போதும் சேர்த்தே எழுதுவது என்று முடிவானது. ‘என்று’, ‘போல’ எல்லாம் தனிச்சொல். இதையெல்லாம் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசினோம். எனக்கு அது இன்றும் இனிக்கும் மாலை. தமிழில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று அவ்வளவு அக்கறையாக நான் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை.

வெட்டும்போது முதலில் விழுவது ‘மிகவும்’. அடுத்து ‘மெல்ல’. மூன்றாவதாக ‘ஒரு’. என் பழைய கதையொன்றில் எண்ணினேன், நூறு சொல்லுக்குள் ஒன்பது ‘ஒரு’. ‘ஒரு நாள் ஒரு கிழவர் ஒரு கடைக்கு’ என்கிற மாதிரி. எடுத்துவிட்டுப் படித்தால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். 130 சொல்லில் இருந்து 100க்கு வரும்போது கடைசிப் பத்தைக் குறைப்பதுதான் கஷ்டம். அதுவரை எடுத்ததெல்லாம் கொழுப்பு. அந்தப் பத்தில் நமக்குப் பிடித்த உவமை இருக்கும், நாம் சொல்ல வந்ததாக நினைக்கும் வாக்கியம் இருக்கும். அதை எடுத்த பிறகும் கதை நிற்கிறது என்றால், சொல்ல வந்ததாக நாம் நினைத்தது வேறு, கதையில் இருப்பது வேறு.

செருப்பும் விளக்குமாறும்

நண்பரின் கேள்விக்குத் தலைப்புச் சவால்களின் பழைய கதைகளில் பதில் தேடினேன். நம்மிடமே நிறைய இருக்கிறது. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்வது, சமஸ்யை என்ற புதிர் அடியைக் கொடுத்துப் பாட்டை நிறைவு செய்யச் சொல்வது எல்லாம் காலங்காலமாக நடந்ததுதான். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் காளமேகப் புலவரிடம், முருகனைப் பாட வேண்டும், ஆனால் ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடிக்க வேண்டும் என்று கேட்டதாகக் கதை. தெய்வத்தைப் பாடும் பாட்டில் இரண்டு ஓரத்திலும் வாசலுக்கு வெளியே கிடக்கும் பொருள்கள். அவர் ‘செருப்புக்கு’ என்று எடுத்தார். செரு என்றால் போர். செருப் புக்கு, போரில் புகுந்து. முடிவில் வண்டைக் கூப்பிட்டு ‘விளக்குமாறே’ என்று நிறுத்தினார். விளக்கும் ஆறு, விளக்கிச் சொல்லும் வழி. எல்லாரும் முழுசாகப் பார்த்த சொல்லில் அவருக்கு மட்டும் மூட்டு தெரிந்திருக்கிறது. அந்த இரண்டு சொல்லை யாரும் கொடுத்திருக்காவிட்டால் முருகன் மேல் அவர் வேறு பாட்டுப் பாடியிருப்பார், நன்றாகவே பாடியிருப்பார். ஆனால் இந்த மூட்டு தெரிந்திருக்காது.

இன்னொன்று 1816இல் நடந்தது. முந்தைய வருஷம் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போன வருஷம் அது. ஜெனிவா ஏரிக்கரை வீட்டில் மழையால் அடைபட்டுக் கிடந்தவர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் ஆங்கிலக் கவிஞர் பைரன். அங்கிருந்தவர்களில், பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட மேரிக்கு வயது பதினெட்டு. தினமும் காலையில் “கதை யோசித்தாயா?” என்று கேட்பார்களாம், தினமும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்ததாம். அப்போது பிறந்த நாவலின் 1831 பதிப்பு முன்னுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார். பைரன், ஷெல்லி என்ற பெரிய கவிஞர்கள் இருவரும் தங்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். தினமும் ‘இல்லை’ என்று சொன்னவர் எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வெளிவந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்தக் காலைகள்தான். தலைப்பு கையில் இருக்கிறது, சொல்ல ஒன்றும் வரவில்லை, ஆனாலும் மறுநாளும் அவர் அந்தக் கேள்விக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார்.

புகைப்படத்தில் எனக்கு ஆதர்சம் எட்வர்ட் வெஸ்டன். 1930 ஆகஸ்டில் அவர் சில நாள் தொடர்ந்து குடைமிளகாயைப் படம் எடுத்தார். குறைந்தது முப்பது நெகடிவ். ஒன்றைத் தகரப் புனலின் வாய்க்குள் வைத்தபோது வெளிச்சம் சுற்றிலும் வழிந்து காய்க்குத் தசையும் முதுகும் வந்துவிட்டன. முப்பதாம் எண் குடைமிளகாய் என்றே அந்தப் படத்துக்குப் பெயர். யாரும் அவருக்குத் தலைப்பு தரவில்லை, தானே தனக்குத் தந்துகொண்டார். ஆனால் முதல் படத்தோடு நிறுத்தியிருந்தால் அது காய்கறிப் படமாகத்தான் இருந்திருக்கும்.

எண்ணிக்கையை மட்டும் துரத்தும் சவால்களில் எனக்கு இந்த நம்பிக்கை இல்லை. 1999இல் 21 பேர் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய நாவல் எழுதும் சவால் நானோரைமோ. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது. அதில் ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுத வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு 1,667 வந்தது. நானும் ஒரு நவம்பரில் பதினோரு நாள் எழுதினேன். உட்காரும் பழக்கம் வந்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பதினோரு நாளில் எதையும் புதிதாகப் பார்த்த நினைவில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் தலையாட்டியிருப்பார். எனக்குத்தான் திருப்தி இல்லை. காளமேகத்துக்கு நடந்தது, மேரிக்கு நடந்தது, சரி. எனக்கு என்ன நடந்தது?

சத்தம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘சத்தம்’ என்று தலைப்பு வந்தது. படத்தில் சத்தத்தை எப்படிக் காட்டுவது? தாளில் முதல் மூன்று: மணி, காதைப் பொத்திக்கொண்ட குழந்தை, ஒலிபெருக்கி. அடித்தேன். ஏழாவதாக வந்தது ‘அதிர்வு’. வீட்டில் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது. இரும்புக் கால்கள், மரப்பலகை, காலால் மிதிக்கும் பழைய மெஷின். அது ஓடும்போது பலகையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் வளையம் வளையமாக அதிர வேண்டும். அதை எடுக்கலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை காலை கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்தேன். ஜன்னல் இடப்பக்கம். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இறக்கினால் ஜன்னல் கம்பிகளின் பிரதிபலிப்பு தண்ணீரில் விழுகிறது. அலை வரும்போது அந்தக் கம்பிகள் வளையும். ஷட்டர் வேகம் 1/250 நொடி. 1/30 வைத்தால் அலையெல்லாம் கலந்து பால் மாதிரி ஆகிவிடும். ஃபோகஸைக் கையாலேயே டம்ளரின் முன்விளிம்பில் வைத்தேன். அம்மா ரவிக்கைத் துணி ஒன்றை ஊசிக்கடியில் தள்ளி மிதிக்கத் தொடங்கினார். தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. அவ்வளவுதான். “கொஞ்சம் வேகமா மிதிங்கம்மா” என்றேன். வேகமாக மிதித்தார். கம்பிகள் ஒரு நூல் அளவு நெளிந்தன. இவ்வளவு பெரிய இரும்பு ஓடுகிறது, அதிர்வு எங்கே போகிறது?

குனிந்து பார்த்தேன். நான்கு கால்களுக்கு அடியிலும் மடித்த துணி இருந்தது.

முன்கால் துணிகள் இரண்டும் புதிது, ஏதோ திரைச்சீலை மிச்சம். பின்கால்களின் துணி கருநீலம், முரட்டு நெசவு. ஒன்றை இழுத்து எடுத்தேன். நாலாக மடித்து ஓரம் நான்கையும் தைத்திருந்தது, நெருக்கமான நேரான தையல். இதே மெஷினில் தைத்திருக்கிறார். நடுவில் காலின் வட்டம் பதிந்து, அந்தக் குழி மட்டும் மினுமினு என்று வழவழப்பாக இருந்தது. நெசவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் பள்ளிச் சீருடை.

“இது எதுக்கும்மா?”

கால் நிற்கவில்லை. “நீ பத்தாவது படிக்கிறப்ப வச்சது. ராத்திரி தச்சா தரை அதிருது, தூக்கம் வரலைன்னு சொன்னே. பின்னாடி ரெண்டும் அப்ப வச்சதுதான். முன்னாடி மிதி பக்கம் சீக்கிரம் தேஞ்சுடும், அது நாலஞ்சு தடவ மாத்தியாச்சு.”

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், இடையில் வேறு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியும் வந்தாகிவிட்டது. துணி மட்டும் மாற்றி மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

படத்துக்காக நான்கையும் எடுத்துவிட்டேன். இப்போது தண்ணீர் கொந்தளித்தது. நடுவிலிருந்து மூன்று வளையம் அடுத்தடுத்துக் கிளம்பி விளிம்பில் மோதித் திரும்ப, ஜன்னல் கம்பிகள் பாம்பு மாதிரி நெளிந்தன. நான் எடுத்ததிலேயே தெளிவான படங்களில் அது ஒன்று. துணிகளைத் திரும்ப வைக்க மறந்து கிளம்பிவிட்டேன்.

அன்றிரவு பதினோரு மணிக்குப் படுத்திருந்தேன். அடுத்த அறையில் அம்மா தைக்க உட்கார்ந்தார். இரவில் தைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் மிதியிலேயே கட்டில் கால் கடகட என்றது. தரை வழியாக வந்து, கட்டில் சட்டத்தில் ஏறி, தலையணைக்குள் புகுந்து காதெலும்பில் தட்டியது. ஒரு நீளத் தையல், நிறுத்தம், துணியைத் திருப்பும் இடைவெளி, மறுபடி ஒரு நீளம். எழுந்து போய் துணியை வைத்திருக்கலாம். போகவில்லை. படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்தாவது படிக்கும்போது இந்தச் சத்தத்தைத்தான் நான் வேண்டாம் என்றிருக்கிறேன். அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் இரவுகள் இது பக்கத்து அறையில் ஓடியிருக்கிறது, எனக்குக் கேட்காமல். எந்த இரவிலும் ‘ஏன் கேட்கவில்லை’ என்று எனக்குத் தோன்றியதில்லை. ஒரு மணி நேரம் கழித்து நின்றது. பாபின் கூட்டைத் திறந்து மூடும் சின்ன ‘டிக்’ கேட்டது. விளக்கு அணைந்தது.

நண்பரிடம் சொல்ல வேண்டியது எனக்கு அந்த இரவுதான் கிடைத்தது. சொல்வதற்கு ஒன்று இருந்தால் தானாக முட்டிக்கொண்டு வரும் என்றார் அவர். எனக்குச் சொல்வதற்கு இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டுத் தரையில் இருந்தது. அது வரவே இல்லை. யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ எதுவும் தெரியாமல், ‘சத்தம்’ என்று ஒரு சொல்லைத் தந்தார். அது என்னைக் குனியவைத்தது. என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் எதை எடுத்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சவாலுக்கு முன்னால் எடுத்த படங்கள் இருக்கின்றன: ஜன்னல்கள், அந்தி வானம், மறுபடியும் ஜன்னல்கள்.

சனிக்கிழமை அனுப்ப வேண்டும். வளையங்கள் படம் தயாராக இருந்தது. அதை அனுப்பினால் எல்லாரும் ரசிப்பார்கள் என்று தெரியும். கதையின் முதல் வரைவு 163 சொல் வந்தது. அதில் தூங்கும் பிள்ளை இருந்தது, கண் எரியத் தைக்கும் தாய் இருந்தாள், ‘தியாகம்’ என்ற சொல் இரண்டு முறை இருந்தது. வெட்டினேன். ‘தியாகம்’ இரண்டும் போயின. பிள்ளை போனது. 110இல் நின்றபோது ‘தாய்’ என்பதையும் எடுத்துவிட்டேன். கடைசியில் மிஞ்சிய நூறில் யாரோ ஒருவர் இரவில் நான்கு துணித்துண்டுகளை ஓரம் தைக்கிறார். மெஷினைத் தூக்கிக் கால்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைக்கிறார். மறுபடி மிதித்துப் பார்த்து, காதைத் தரையில் வைக்கிறார். இந்தக் கடைசி விஷயம் நான் கற்பனை செய்தது. அம்மாவிடம் கேட்கவில்லை.

அந்தக் கதைக்கு வளையங்கள் படம் பொருந்தவில்லை. துணியைத்தான் எடுக்க வேண்டும். அதற்குத் துணி காலுக்கு அடியில் இருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பலகையின் ஒரு முனையை இடுப்பால் அண்டக்கொடுத்துத் தூக்க, நான் தரையில் படுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். “குழி சரியா உக்காரணும், இல்லேன்னா ஆடும்” என்றார். நீலத்துணியின் வழவழப்பான குழி இரும்புக் காலுக்குக் கீழே வரும்வரை நகர்த்தினேன். அப்படியே கேமராவைத் தரையில் வைத்து எடுத்தேன். மெஷினுக்கு அடியில் வெளிச்சம் குறைவு. 1/15இல் எடுக்க வேண்டியிருந்தது. தூசி, அறுந்த நூல் ஒரு சுருள், இரும்புக் கால், நீலத்துணி. குழுவில் இரண்டு பேர், இதில் சத்தம் எங்கே இருக்கிறது, தலைப்போடு ஒட்டவில்லையே என்றார்கள். கதை இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னது நியாயம்தான். நான் வாதாடவில்லை.

படம் எடுத்து எழுந்தபோது பலகையின் ஓரத்தில் புதன்கிழமை வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. எடுக்க மறந்திருக்கிறேன். அம்மாவும் அதை நகர்த்தாமல் மூன்று நாளாகப் பக்கத்திலேயே வைத்துத் தைத்திருக்கிறார், எனக்கு இன்னும் தேவைப்படும் என்று நினைத்தாராம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு மிதித்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் கம்பிகள் அதில் நேராக நின்றன. எப்போதாவது ஒரு நூல் அளவு நெளிந்தன.